கியூ-ஷிராடாகி: ஒரே ஒரு மாணவிக்காக மூடாமல் வைத்திருந்த ரயில் நிலையமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்தச் செய்தி எனக்கு வந்துவிடுகிறது. பனி மூடிய தண்டவாளம், பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கீழே நாலு வரி: ஜப்பானில் ஒரு மாணவி பள்ளிக்குப் போவதற்காகவே ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்களாம், அவள் படிப்பு முடிந்த அன்றுதான் மூடினார்களாம். எனக்கு ஜப்பான் ரயில்களில் ஈடுபாடு உண்டு என்று தெரிந்தவர்கள் இதை அனுப்பிவிட்டுக் கேள்வியும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வந்தேன். இனிமேல் இதை அனுப்பிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன்.

அது எந்த ஊர்? வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லையே?

நிலையத்தின் பெயர் கியூ-ஷிராடாகி. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், எங்காரு ஊராட்சியின் எல்லைக்குள், யூபெட்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. அசாஹிகாவா நகரில் தொடங்கி மலையைக் கடந்து, ஒகோட்ஸ்க் கடலோரத்து அபாஷிரி வரை போகும் பாதைக்குச் செகிஹொக்கு முதன்மைப் பாதை என்று பெயர். அந்தப் பாதையில் இது ஒரு சின்னஞ்சிறு நிறுத்தம்.

2016 மார்ச் 25 அன்று கடைசி ரயில் நின்றது. மறுநாளிலிருந்து கால அட்டவணையில் அந்தப் பெயர் இல்லை. வரைபடத்தில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

உண்மையா பொய்யா, ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்?

ஒரே வார்த்தையில் சொன்னால் எந்த வார்த்தையும் தவறாகிவிடும். அந்த நிலையத்தில் தினமும் ஏறி இறங்கிய ஒரு மாணவி இருந்தார்; உண்மை. எங்காருவில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போய்வந்தார், உண்மை. 2016 மார்ச்சில் அவர் படிப்பு முடிந்தது, அதே மார்ச்சில் நிலையமும் மூடப்பட்டது, இதுவும் உண்மை.

அவருக்காகவே ஒரு ரயில் ஓடியது என்பது பொய். அந்த ரயில் மலையின் இரு பக்கத்து ஊர்களையும் இணைத்து, பல நிலையங்களில் நின்று போன வழக்கமான பயணிகள் ரயில். அவர் ஏறியபோது உள்ளே வேறு நிலையங்களில் ஏறிய மாணவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு நிறுத்தத்தில் மட்டும்தான் அவர் ஒருவர். இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம், ஆனால் கதையே இதில்தான் மாறுகிறது.

எனக்கு வந்த செய்தியில் 'காமி-ஷிராடாகி' என்று இருந்தது. நீங்கள் வேறு பெயர் சொல்கிறீர்களே?

குழப்பம் தொடங்கியதே அங்குதான். 2016 சனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் ஆங்கிலப் பிரிவு முகநூலில் இதை வெளியிட்டது. அங்கிருந்து உலகம் முழுவதும் பரவியது. அந்தப் பதிவு நிலையத்தின் பெயரைக் காமி-ஷிராடாகி என்றது. காமி என்றால் மேல், கியூ என்றால் பழைய. இரண்டும் ஒரே பாதையில் இருந்த வெவ்வேறு நிலையங்கள். நடுவில் ஷிராடாகி என்ற முக்கிய நிலையம் இருக்கிறது. மாணவி பயன்படுத்தியது கியூ-ஷிராடாகி.

ரயில் ஒரு நாளைக்கு இரண்டே முறை நிற்கும், காலை 7:04-க்கு ஒன்று, மாலை 5:08-க்கு ஒன்று என்று படித்திருப்பீர்கள். அந்த நேரங்கள் காமி-ஷிராடாகிக்கு உரியவை. அங்கே போக ஒன்று, வர ஒன்று என்று உண்மையிலேயே இரண்டு ரயில்கள்தாம். கியூ-ஷிராடாகியில் எங்காரு பக்கம் போகக் காலையில் ஒன்று, திரும்பி வரப் பிற்பகலிலும் மாலையிலுமாக மூன்று. ஒரு மாணவிக்கு இந்த மூன்று என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் அந்த ஒன்றைத் தவறவிட்டால் அன்று பள்ளி இல்லை. மாலையில் மட்டும் கொஞ்சம் தாமதிக்கலாம்.

மூன்று ஆண்டுக்கு முன்பே மூட முடிவு செய்து, அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நிறுத்திவைத்தார்களாமே?

மூடும் திட்டம் வெளியே வந்தது 2015-இல். அப்போது அவர் இறுதியாண்டு மாணவி. மூன்றாண்டுக் காத்திருப்பு என்பது கதையில் பின்னால் சேர்ந்த பகுதி.

தேதியையும் பாருங்கள். ஹொக்கைடோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பட்டமளிப்பு மார்ச் 1 அன்று நடக்கும். அவருக்காக மட்டும் திறந்திருந்தால் மார்ச் 2-லேயே மூடியிருக்கலாம். மூடியது 26-ஆம் தேதி. ஜப்பான் ரயில்களின் கால அட்டவணை ஆண்டுதோறும் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாறும். 2016-இல் அந்தச் சனிக்கிழமை 26. ஹொக்கைடோவுக்கு முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்ததும் அதே நாள்தான். தீவின் தென்முனையில் புது ரயிலுக்கு விழா நடந்த அன்று, தீவு முழுவதும் எட்டுச் சிறு நிலையங்கள் அட்டவணையிலிருந்து போயின. கியூ-ஷிராடாகி அந்த எட்டில் ஒன்று.

ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ரயில் அட்டவணையும் மார்ச்சில் மாறும். இரண்டும் ஒரே மாதத்தில் விழுவது எல்லா ஆண்டும் நடப்பது.

அப்படியானால் அந்த மாணவிக்காக யாரும் எதுவும் செய்யவில்லையா? மனம் கேட்கவில்லை.

செய்தார்கள், நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. ஹொக்கைடோவில் ஒரு நிலையத்தை மூடுவதற்கு முன் ரயில்வே நிறுவனம் அந்த ஊராட்சியிடம் பேசும். தினமும் அதை நம்பிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்கும்போது ஊராட்சி எளிதில் தலையசைக்காது. அப்படிப்பட்ட கடைசிப் பயணி படிப்பை முடிப்பதும் நிலையம் மூடப்படுவதும் அடுத்தடுத்து வருவதில் வியப்பில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பயணிகள் ஏறத்தாழ இல்லாமல் போன பின்னும் அந்த நடைமேடையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ பனியை வாரிக் கொட்டினார்கள். அந்தப் பகுதியில் குளிர் சுழியத்துக்குக் கீழே 20 பாகை வரை சாதாரணமாக இறங்கும். ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் அங்கே நிறுத்தினார், கதவு திறந்தது, மூடியது. ஒரு மாணவிக்கு மட்டும் காட்டிய பரிவாக இதைச் சொன்னால், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவர்களை மறந்துவிடுகிறோம்.

அந்த மாணவியின் பெயர் என்ன? இப்போது என்ன செய்கிறார்?

பெயர் அந்தக் காலத்துச் செய்திகளில் வந்தது. நான் இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிக்குப் போனதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. இப்போது வளர்ந்துவிட்ட ஒரு தனி மனிதர். அவரைத் தேடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'பழைய' ஷிராடாகி என்று ஏன் பெயர்? புதிது எங்கே?

ஷிராடாகி என்றால் வெள்ளருவி. இந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அதுதான் பெயர். அதற்குள் ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்த ஒரு குடியிருப்பைப் பழைய ஷிராடாகி என்று அழைத்தார்கள். அதையொட்டிய நிறுத்தத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. புதிது என்று தனியாக எதுவும் இல்லை. 1929-இல் ரயில் வந்து எங்கே நிலையம் கட்டினார்களோ, அந்த இடமே வெறும் 'ஷிராடாகி' ஆயிற்று.

ஒரு காலத்தில் ஷிராடாகி என்ற பெயரில் ஐந்து நிலையங்கள் வரிசையாக இருந்தன: ஒகு, காமி, வெறும் ஷிராடாகி, கியூ, ஷிமோ. உள், மேல், நடு, பழைய, கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒகு-ஷிராடாகியில் 2001-இல் பயணிகள் ரயில் நிற்பது நின்றது. 2016-இல் மேலும் மூன்று போயின. மிச்சம் ஷிராடாகி ஒன்றுதான்.

அங்கே முதலில் குடியேறியவர்கள் யார்? ஐகிடோவோடு ஏதோ தொடர்பு என்கிறார்களே?

தொடர்பு உண்டு. 1912-இல் தெற்கே வாகயாமா பகுதியிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்தக் காட்டுக்கு வந்து இறங்கின. அவர்களைத் தலைமை தாங்கி அழைத்துவந்தவர் மொரிஹே உயெஷிபா, பின்னாளில் ஐகிடோ தற்காப்புக் கலையை உருவாக்கியவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மிதமான கடலோரத்திலிருந்து வந்தவர்களுக்கு முதல் சில குளிர்காலங்கள் எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்கத் தேவையில்லை. மரம் வெட்டினார்கள், புதினா பயிரிட்டார்கள். 1917-இல் பெருந்தீயில் ஊர் எரிந்தது, மறுபடியும் கட்டினார்கள். 1919-இல் உயெஷிபா ஊரைவிட்டுப் போனார். ரயில் வந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து.

அதற்கும் வெகுகாலம் முன்பே மனிதர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். ஷிராடாகி மலைகளில் எரிமலைக் கண்ணாடிக் கல் ஏராளம். கறுப்பாக, உடைத்தால் சவரக் கத்திபோல விளிம்பு வரும். பழைய கற்கால மக்கள் அதில் செய்த கருவிகள் இங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. 2023-இல் ஜப்பான் அரசு அவற்றைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது.

போர் முடிந்து பஞ்சமாக இருந்த 1947-இல் போய் ஏன் காட்டுக்குள் நிலையம் திறந்தார்கள்?

1947 பிப்ரவரி 11-இல் திறந்தது நிலையமே அல்ல. அதைத் 'தற்காலிக ஏறிறங்குமிடம்' என்றார்கள். அரசு ரயில்வேயில் நிலையம் திறப்பதற்குத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும், ஏகப்பட்ட கோப்புகள். ஏறிறங்குமிடத்தை அந்தந்தப் பகுதியின் ரயில்வே அலுவலகமே திறந்துவிடலாம். சாலை சரியில்லாத, குளிர்காலத்தில் பாதை அடைத்துப்போகும் ஹொக்கைடோவில் மக்கள் கேட்டபோது இந்த வழியில்தான் நிறைய நிறுத்தங்கள் வந்தன.

இவை நாடு முழுவதற்குமான கால அட்டவணைப் புத்தகத்தில் பெரும்பாலும் இடம்பெறாது. கிலோமீட்டர் கணக்கும் கிடையாது. இங்கே ஏறினால், அதற்கு முந்தைய முறையான நிலையத்தில் ஏறியதாகக் கணக்குப் போட்டுக் கட்டணம் வாங்குவார்கள். தற்காலிகம் என்ற பெயரோடு கியூ-ஷிராடாகி நாற்பது ஆண்டுகள் இருந்தது. 1987 ஏப்ரல் 1-இல் அரசு ரயில்வே பிரிக்கப்பட்டுத் தனி நிறுவனங்கள் ஆனபோதுதான் அதற்கு 'நிலையம்' என்ற தகுதி கிடைத்தது. அந்தத் தகுதியோடு வாழ்ந்தது 29 ஆண்டுகள்.

நிலையம் பார்க்க எப்படி இருந்தது?

ஒற்றைத் தண்டவாளம், அதன் ஒரு பக்கம் குட்டையான நடைமேடை, பக்கத்தில் கூம்புக்கூரை போட்ட மரக் கொட்டகை. வெயிலும் பனியும் பட்டுப் பலகைகள் கறுத்துப்போயிருந்தன. நிலைய அதிகாரி இல்லை, டிக்கெட் கொடுக்கும் சன்னல் இல்லை. நம்மூர்த் தோட்டத்துக் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு அளவு புரியும்.

நான் படங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது கால அட்டவணைப் பலகையை. ஜப்பானில் எவ்வளவு சிறிய நிலையமானாலும் அந்தப் பலகை ஒழுங்காக இருக்கும். இங்கே இரண்டு பத்தி. ஒன்றில் ஒரே ஒரு எண், மற்றதில் மூன்று. மீதியெல்லாம் வெள்ளை. ஒரு ஊரில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று அந்த வெள்ளையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊழியர் இல்லையென்றால் டிக்கெட் எப்படி வாங்கினார்கள்?

வந்துபோனவை கிஹா 40 என்ற வகை டீசல் வண்டிகள். பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி. நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் ஒருவர்தான். ஏறும் கதவருகே ஒரு சிறு பெட்டி எண் அச்சடித்த துண்டுச்சீட்டை நீட்டும். எந்த நிலையத்தில் ஏறினோம் என்பதற்கு அதுதான் அடையாளம். முன்னால், ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும். நிலையத்துக்கு நிலையம் ஏறிக்கொண்டே போகும். ஆளில்லாத நிலையத்தில் இறங்கினால் முன்கதவருகே பெட்டியில் சீட்டையும் காசையும் போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மாதக்கணக்கில் செல்லும் சீசன் டிக்கெட் வைத்திருப்பார்கள், காட்டிவிட்டு இறங்குவார்கள்.

ஒரு பெண்ணுக்காக நிறுத்தியதில் ரயில்வேக்கு எவ்வளவு நட்டம்?

முன்பே சொன்னதுபோல ரயில் எப்படியும் ஓடத்தான் போகிறது. ஒரு நிறுத்தத்தால் கூடுவது பனி அள்ளுவது, கொட்டகையைப் பராமரிப்பது, ஓரிரு நிமிடம். நட்டம் அந்த நிலையத்தில் இல்லை, பாதை முழுவதிலும் இருக்கிறது.

1987-இல் ஹொக்கைடோ ரயில்வே நிறுவனம் பிறக்கும்போதே அது இலாபம் பார்க்காது என்று தெரியும். ஆகவே 68,220 கோடி யென் கொண்ட ஒரு நிதியைக் கையில் கொடுத்து, வட்டியை வைத்து நட்டத்தை ஈடுகட்டிக்கொள் என்றார்கள். பின்னர் ஜப்பானில் வட்டி விகிதம் அடிமட்டத்துக்கு இறங்கியது. மக்கள் தொகை குறைந்தது. ரயில்பாதைக்கு இணையாக, கட்டணமில்லாத விரைவுச் சாலை ஒன்று துண்டு துண்டாக நீண்டுவந்து 2019-இல் எங்காருவைத் தொட்டது. ரயிலின் கையில் மிஞ்சியவர்கள் வண்டி ஓட்ட வயதாகாத பிள்ளைகளும், ஓட்ட முடியாத முதியவர்களும். 2016 நவம்பரில், கியூ-ஷிராடாகி மூடி எட்டு மாதம்கூட ஆகாதபோது, தன்னால் மட்டும் தாங்க முடியாத பாதைகள் என்று நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. தீவின் ரயில்பாதையில் ஏறத்தாழ பாதி அதில் வந்தது. செகிஹொக்கு பாதையும் அதில் உண்டு.

இப்போது அந்தப் பாதையில் நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம்?

மலைக்கு மேற்கே காமிகாவா, கிழக்கே ஷிராடாகி. நடுவில் இருந்தவை ஒவ்வொன்றாகப் போனபின் இடைவெளி 37.3 கிலோமீட்டர். ஷின்கான்சென் தவிர்த்த ஜே.ஆர். (அரசு ரயில்வே பிரிந்து உருவான நிறுவனங்களின்) பாதைகளில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடையே ஜப்பானிலேயே மிக நீண்ட இடைவெளி இது. நடுவில் 4,329 மீட்டர் நீளச் சுரங்கம், அதைத் தாண்டினால் காடு, மான், கரடி.

இதே பாதையில் ஒரு சுரங்கத்துக்குள் எலும்புக்கூடுகள் கிடைத்தனவாமே? பேய்க்கதைதானே?

பேயை விடுங்கள், எலும்புகள் உண்மை. எங்காருவுக்குக் கிழக்கே ஜோமொன் என்றொரு சுரங்கம், 507 மீட்டர். 1912 முதல் 1914 வரை தோண்டினார்கள். ஏமாற்றி அழைத்துவந்து அடைத்துவைத்த கூலிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள்; அந்த அடைப்பிடங்களுக்கு 'ஆக்டோபஸ் அறை' என்று பெயர், உள்ளே போனால் வெளியே வர வழியில்லை என்ற பொருளில். நோயிலும் பட்டினியிலும் அடியிலும் விழுந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள். சுவருக்குள் ஆள் இருக்கிறான் என்று ஊரார் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். 1968 நிலநடுக்கத்தில் பழுதான சுவரை 1970-இல் சரிசெய்தபோது உள்ளிருந்து எலும்புகள் வந்தன. 1980-இல் அருகே நினைவுக்கல் நட்டார்கள்.

அந்தக் கல் இருப்பது கானெஹானா பகுதியில். கானெஹானா நிலையமும் 2016 மார்ச் 26-இல் மூடப்பட்ட எட்டில் ஒன்று. மாணவியின் கதை கோடிப் பேரைப் போய்ச் சேர்ந்தது. அதே பாதையில் அதே நாளில் பெயர் இழந்த இந்த இடத்தை எவரும் பகிரவில்லை. கேள்வி கேட்டவருக்கு நன்றி.

ஜப்பான் போனால் பார்க்க முடியுமா?

கியூ-ஷிராடாகியில் எந்த ரயிலும் நிற்காது, ரயில் அதைக் கடந்துபோகும். அசாஹிகாவாவிலிருந்து 'ஒகோட்ஸ்க்' விரைவு ரயிலில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஷிராடாகி வரும், அங்கே அது நிற்கும். புறப்பட்ட சில நிமிடங்களில், எங்காருவை நோக்கிப் போகும் வழியில், பழைய நிறுத்தம் இருந்த இடத்தைத் தாண்டுவீர்கள். தண்டவாளத்தில் இறங்கி நடக்கக் கூடாது. ரயில் ஓடும் பாதை அது.

அடுத்து மாருசெப்பு. வெயில் காலத்தில் அங்கே, காட்டு மரங்களை ஏற்றிச் சென்ற ரயிலின் பழைய நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டுகிறார்கள். 1928-இல் செய்தது, பெயர் அமெமியா 21. அப்புறம் எங்காரு. அங்கே ரயில் வந்த வழியே பின்நோக்கித் திரும்பும். ஒரு காலத்தில் நேரே போன பாதை 1989-இல் மூடப்பட்டதால், மிஞ்சிய இரண்டு பாதைகளும் ஒரே பக்கம் சேர்கின்றன. நிலையம் வந்ததும் தெரிந்தவர்கள் எழுந்து, காலால் மிதியை அழுத்தி, இருக்கையை எதிர்ப்புறம் சுழற்றிவிட்டு உட்காருவார்கள். நீங்களும் எழுந்து திருப்பிக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.